இதயமும் கன்னாபினாய்டு ஏற்பிகளும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் இதயச் செயலிழப்புக்கான புதிய மருந்துகளைப் பற்றி எழுதியபோது, கன்னாபினாய்டு ஏற்பிகளை, அதாவது கஞ்சாவில் உள்ளவை போன்ற பொருள்கள் சென்று ஒட்டும் செல் புரதங்களை, இலக்காகக் கொண்ட ஆய்வுகளும் நடந்து வருகின்றன என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. அவற்றுள் சில ஆர்வத்துடன் எழுதப்பட்டவை, சில கவலையுடன் எழுதப்பட்டவை. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால், இந்த மாதப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கஞ்சா என்பது வெளியிலிருந்து வரும் போதைப்பொருள். அதை ஏற்றுக்கொள்வதற்கென்றே நம் உடலில், அதுவும் இதயத்தில், ஏற்பிகள் ஏன் இருக்க வேண்டும்? இது எனக்கு விளங்கவே இல்லை.
(ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, கும்பகோணம்)

விடை: அந்த ஏற்பிகள் கஞ்சாவுக்காக உருவானவை அல்ல. நம் உடல் தானே உற்பத்தி செய்யும் சில கொழுப்பு வகை மூலக்கூறுகளுக்காக உருவானவை. கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்னும் பொருளின் வடிவம் தற்செயலாக அதே இடத்தில் பொருந்திவிடுகிறது. நாம் செடியை முதலிலும் ஏற்பியை இரண்டாவதாகவும் உடலின் சொந்த மூலக்கூறுகளைக் கடைசியாகவும் கண்டறிந்ததால், எல்லாவற்றுக்கும் செடியின் பெயரே ஒட்டிக்கொண்டது.

கண்டுபிடிப்பின் வரிசை இப்படி அமைந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ரஃபேல் மெக்கூலமும் யெகீல் காவோனியும் 1964-இல் டிஎச்சியைத் தூய்மையாகப் பிரித்து அதன் அமைப்பை விளக்கினார்கள். அது உடலில் எங்கே சென்று ஒட்டுகிறது என்பது தெரிய மேலும் கால் நூற்றாண்டு ஆனது. 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லட்டும் வில்லியம் டிவேனும் எலியின் மூளையில் அதற்கான ஏற்பி இருப்பதை நிறுவினார்கள்; 1990-இல் அதன் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே சிபி1. அடுத்து 1993-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சிபி2 கண்டறியப்பட்டது. இவற்றுக்கு இடையே, 1992-இல், மெக்கூலமின் குழு பன்றியின் மூளையிலிருந்து ஆனந்தமைடு என்னும் மூலக்கூறைப் பிரித்தெடுத்தது. 1995-இல் 2-ஏஜி என்னும் இன்னொன்றும் தெரியவந்தது. இவ்விரண்டும் நம் செல்களின் சவ்விலுள்ள கொழுப்பிலிருந்து தேவைப்படும் நேரத்தில் உருவாகி, வேலை முடிந்ததும் நொதிகளால் சிதைக்கப்பட்டுவிடும் உள்நாட்டுக் கன்னாபினாய்டுகள்.

இதய நோயைப் பொறுத்தவரை முக்கியமான செய்தி, இந்த இரண்டு ஏற்பிகளும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்கின்றன என்பதுதான். சிபி1 மூளையில் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதோடு இதயத் தசையிலும், ரத்தக்குழாய்ச் சுவரிலும், இதயத்துக்குச் செல்லும் நரம்பு முனைகளிலும், கல்லீரலிலும், கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. நோயுற்ற இதயத்தில் அது அளவுக்கு மீறித் தூண்டப்படும்போது ஆக்சிஜனேற்ற அழுத்தமும் (செல்களைச் சிதைக்கும் வேதி நெருக்கடி) செல்களின் இறப்பும் நார்த்திசுப் பெருக்கமும் கூடுவதை விலங்கு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. சிபி2 பெரும்பாலும் நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கிறது. அது தூண்டப்பட்டால் அழற்சி தணிகிறது. ஆகவே ஆய்வாளர்கள் தேடுவது சிபி1-ஐ அடக்கும் மருந்தை, அல்லது சிபி2-ஐ மட்டும் தூண்டும் மருந்தை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற விடைகளைப் படிக்கும்படி எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் கனடாவில் வேலை செய்கிறான். அங்கே கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது. "இதயத்துக்குக்கூட நல்லதென்று ஆய்வு சொல்கிறது" என்று அலைபேசியில் சொன்னான். எங்கள் குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் உண்டு. நான் அவனிடம் என்ன சொல்வது?
(ஒரு தாய், திருநெல்வேலி)

விடை: அவன் படித்த ஆய்வு உண்மையாகவே இருக்கலாம், அதிலிருந்து அவன் எடுத்துக்கொண்ட முடிவு தவறானது. டிஎச்சியானது சிபி1, சிபி2 ஆகிய இரண்டு ஏற்பிகளையுமே தூண்டுகிறது. அதாவது நாம் அடக்க நினைக்கும் ஏற்பியையும் அது சேர்த்தே முடுக்கிவிடுகிறது. புகைத்த சில நிமிடங்களில் இதயத்துடிப்பு கூடுகிறது, இதயத் தசைக்கு ஆக்சிஜன் தேவை அதிகரிக்கிறது. அதே நேரத்தில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. தேவை கூடும் வேளையில் வரவு குறைகிறது. 1974-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், உழைப்பின்போது நெஞ்சுவலி வரும் 10 நோயாளிகள், கஞ்சா புகைத்த பிறகு உடற்பயிற்சி செய்தபோது, வலி தொடங்குவதற்கு ஆன நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

பிறகு பெரிய கணக்கெடுப்புகளும் வந்தன. மாரடைப்பு வந்து பிழைத்த 3,882 பேரிடம் விசாரித்து 2001-இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு, கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் 4.8 மடங்கு உயர்வதாகக் கணித்தது. 2024-இல் வெளியான, நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் தரவு, நாள்தோறும் பயன்படுத்துவோரிடம் மாரடைப்பு 25 விழுக்காடும் பக்கவாதம் 42 விழுக்காடும் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. புகையிலைப் பழக்கத்தின் பங்கைக் கழித்த பின்னரும் அந்தத் தொடர்பு நீடித்தது. இத்தகைய கணக்கெடுப்புகள் காரணத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுபவை அல்ல என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடலியங்கியல் சொல்வதும் கணக்கெடுப்பு சொல்வதும் ஒரே திசையில் இருக்கும்போது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு வரலாறு உள்ள ஒருவர் அதைப் புறக்கணிப்பது பெரும் தவறு.

அவனிடம் கோபப்படாமல் இதைச் சொல்லுங்கள்: சட்டம் அனுமதிப்பது ஒன்று, அவனுடைய இதயம் தாங்குவது இன்னொன்று. கூடவே, ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டு 'ஸ்பைஸ்' போன்ற பெயர்களில் விற்கப்படும் கன்னாபினாய்டுகளின் பக்கமே போக வேண்டாம் என்றும் சொல்லுங்கள். டிஎச்சி சிபி1-ஐ ஓரளவே தூண்டுகிறது. அவற்றில் பல முழு வேகத்தில் தூண்டுகின்றன. 2011-இல் அமெரிக்க மருத்துவர்கள் அத்தகைய பொருளைப் புகைத்த பின் மாரடைப்புடன் வந்த மூன்று பதினாறு வயதுச் சிறுவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவனுடைய கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளச் சொல்வதும் நல்லது. குடும்ப வரலாறு உள்ளவர்களுக்கு அது எப்படியும் தேவை.

கேள்வி: மருந்துக்கடையில் முப்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். எடை குறைப்புக்காக ரிமோனபான்ட் என்ற மாத்திரை கொஞ்ச காலம் வந்து பிறகு நிறுத்தப்பட்டது நினைவிருக்கிறது. அதுவும் நீங்கள் சொல்லும் இந்த ஏற்பியில் வேலை செய்யும் மருந்துதானே? அவ்வளவு நல்ல மருந்து என்றார்களே, ஏன் நிறுத்தினார்கள்?
(ஒரு வாசகர், ஈரோடு)

விடை: ஆம், அதே ஏற்பிதான். இந்தத் துறையில் நடந்தவற்றுள் மிகப் பெரிய பாடம் அந்த மருந்தில்தான் இருக்கிறது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரிமோனபான்ட், சிபி1 ஏற்பியை அடக்குவதற்கென்றே பிரான்சின் சனோஃபி நிறுவனம் உருவாக்கிய மருந்து. ஆய்வகத்தில் 1994-இல் அறிமுகமானது. கஞ்சா புகைப்போருக்குப் பசி கூடுவது பழைய செய்தி. அப்படியானால் அந்த ஏற்பியை அடைத்தால் பசி குறையும் அல்லவா என்பதுதான் முதல் எண்ணம். எண்ணம் சரியாகவே இருந்தது. 2005-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்கள் ஓராண்டில் சராசரியாக 6.6 கிலோ குறைந்தார்கள். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்கள் 1.8 கிலோ மட்டுமே குறைந்தார்கள். இடுப்பளவு குறைந்தது, நல்ல கொலஸ்ட்ரால் உயர்ந்தது, டிரைகிளிசரைடு இறங்கியது. எடை குறைந்ததால் மட்டுமே எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட இந்த மாற்றங்கள் அதிகமாக இருந்தன. அதாவது மருந்து மூளையின் பசி மையத்தை மட்டுமல்லாமல் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள சிபி1-ஐயும் நேரடியாகத் தொட்டிருக்க வேண்டும். இதய மருத்துவர்கள் அதை நம்பிக்கையுடன் பார்த்ததற்கு இதுவே காரணம்.

ஐரோப்பாவில் 2006 ஜூன் மாதம் அது விற்பனைக்கு அனுமதிக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2007 ஜூனில், அமெரிக்காவின் மருந்து ஆலோசனைக் குழுவினர் 14 பேரும் ஒருமனதாக அதை மறுத்தார்கள். மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டதே அவர்கள் கூறிய காரணம்.

இதய நோயாளிகளிடம் அது உண்மையில் என்ன செய்கிறது என்பதை இரண்டு ஆய்வுகள் சோதித்தன. 2008-இல் வெளியான முதல் ஆய்வில், வயிற்றுப் பருமனும் இதயத் தமனி நோயும் உடைய 839 பேரின் தமனிகளுக்குள் ஒலி அலைக் கருவியைச் செலுத்திக் கொழுப்புப் படிவை அளந்தார்கள். பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, ஆய்வின் முதன்மை அளவுகோலில், மருந்துக்கும் போலி மாத்திரைக்கும் ஐயத்துக்கு இடமில்லாத வேறுபாடு எதுவும் இல்லை. மனநலப் பக்கவிளைவுகளோ மருந்து எடுத்தவர்களில் 43 விழுக்காட்டினரிடமும் மற்றவர்களில் 28 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. இரண்டாவது ஆய்வு மிகப் பெரியது: 42 நாடுகளில் 18,695 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றை மருந்து குறைக்கிறதா என்று ஏறத்தாழ மூன்றாண்டு கவனிப்பதாகத் திட்டம். ஆனால் 2008 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை விற்பனையை நிறுத்தப் பரிந்துரைத்தது. ஆய்வும் சராசரியாகப் பதினான்கு மாதக் கவனிப்பிலேயே கைவிடப்பட்டது. அதுவரை கிடைத்த கணக்கின்படி இதய நிகழ்வுகள் மருந்துக் குழுவில் 3.9 விழுக்காடு, மற்றக் குழுவில் 4.0 விழுக்காடு. தீவிர மனநலப் பாதிப்புகள் 2.5 விழுக்காடும் 1.3 விழுக்காடும். தற்கொலை செய்துகொண்டவர்கள் மருந்துக் குழுவில் நான்கு பேர், மற்றக் குழுவில் ஒருவர்.

நம் நாட்டிலும் அது விற்கப்பட்டதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். மத்திய அரசு 2009 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது.

இதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட முடிவு, சிபி1 இதய நோய்க்குப் பயனற்ற இலக்கு என்பது. எனக்கு அது முழுமையான முடிவாகத் தோன்றவில்லை. பதினான்கு மாதங்களில் நின்றுபோன ஆய்வு, மூன்றாண்டில் என்ன தெரிந்திருக்கும் என்பதைச் சொல்ல முடியாது. அந்த மருந்து மூளைக்குள் தாராளமாக நுழைந்தது. மூளையில் சிபி1 செய்யும் வேலைகளில் மனநிலையைச் சமன்படுத்துவதும் ஒன்று. இதயத்துக்கும் கல்லீரலுக்கும் தேவைப்பட்ட தடுப்பை மூளைக்கும் சேர்த்துக் கொடுத்ததுதான் அங்கே நடந்த பிழை. ஏற்பியைத் தேர்ந்தெடுத்தவர்கள், அது எந்த உறுப்பில் இருக்கும் ஏற்பி என்பதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்காக நான்கு குடும்பங்களின் இழப்பைச் சிறிய எண்ணாகக் கருதிவிடவும் முடியாது. நிறுத்தியது சரியான முடிவு. தாமதமாக எடுக்கப்பட்ட முடிவு என்றும் சொல்வேன். மனச்சோர்வு வரலாறு உள்ளவர்களை மருந்து ஆய்வுகளிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, பிறகு அதை உலகம் முழுவதும் பருமனானவர்களுக்குக் கொடுத்தால் என்ன நேரும் என்பது முன்கூட்டியே ஊகிக்கக்கூடியதாக இருந்தது. பருமனும் மனச்சோர்வும் பலரிடம் சேர்ந்தே இருப்பவை.

கேள்வி: குறைந்த அளவு டிஎச்சி எலிகளின் ரத்தக்குழாய் அடைப்பைக் குறைத்தது என்று ஓர் ஆய்வும், டிஎச்சி அடைப்பை அதிகரிக்கிறது என்று இன்னோர் ஆய்வும் படித்தேன். இரண்டும் புகழ்பெற்ற ஆய்விதழ்களில் வந்தவை. எது உண்மை?
(மருந்தியல் மாணவர், கோயம்புத்தூர்)

விடை: இரண்டும் உண்மை; வேறுபாடு அளவிலும் சூழலிலும் இருக்கிறது. முதலாவது, 2005-இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஃபிரான்சுவா மாக்கின் குழு வெளியிட்டது. கொழுப்புப் படிவு எளிதில் உண்டாகும்படி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் டிஎச்சியை வாய்வழியாகக் கொடுத்தபோது, தமனிகளில் படிவு வளர்வது குறைந்தது. அந்த அளவு போதை தரும் அளவுக்குக் கீழே இருந்தது. சிபி2-ஐ அடைக்கும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தவுடன் பயன் மறைந்துவிட்டது. ஆகவே அங்கே வேலை செய்தது சிபி2 வழியாக நிகழ்ந்த அழற்சித் தணிப்பு. நீங்கள் கவனிக்க வேண்டியது, அளவைக் கூட்டியபோதும் குறைத்தபோதும் அந்தப் பயன் கிடைக்கவில்லை என்பது. பயன் தரும் இடைவெளி அவ்வளவு குறுகியது.

இரண்டாவது, 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜோசப் வூவின் குழு வெளியிட்டது. அவர்கள் பிரிட்டனின் ஐந்து லட்சம் பேர் கொண்ட யுகே பயோபேங்க் தரவில், மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் கஞ்சா புகைப்போரிடம் மாரடைப்பு அதிகமாக இருப்பதைக் கண்டார்கள். பிறகு குருத்தணுக்களிலிருந்து வளர்த்த மனித ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் டிஎச்சி அழற்சியைத் தூண்டுவதையும், சிபி1-ஐ அடைத்தால் அது அடங்குவதையும் காட்டினார்கள். அதே டிஎச்சி சுண்டெலிகளில் படிவைப் பெருக்கியது. அங்கே மேலோங்கியது சிபி1.

ஒரே பொருள் இரண்டு ஏற்பிகளையும் தொடும்போது, எது மேலோங்கும் என்பதை அளவும், எந்தச் செல் அருகே இருக்கிறது என்பதும், நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. புகைப்பவர் எவரும் தன் நுரையீரலுக்குள் செல்லும் டிஎச்சியை எலி ஆய்வின் துல்லியத்தில் அளந்துகொள்ள முடியாது. மருந்தியல் மாணவரான உங்களுக்கு இந்த இணை ஆய்வுகள் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது மிகப் பயனுள்ள பயிற்சியாக இருக்கும்.

கேள்வி: ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் சோயாவில் உள்ள ஒரு பொருள் சிபி1-ஐ அடைத்ததாகச் செய்தி வந்ததே, தினமும் சோயா சாப்பிட்டால் போதுமா?
(ஒரு வாசகர், சேலம்)

விடை: போதாது. அந்தப் பொருளின் பெயர் ஜெனிஸ்டீன். சிபி1-இல் பொருந்தக்கூடிய மூலக்கூறுகளைக் கணினியில் தேடியபோது அது தட்டுப்பட்டது. மூளைக்குள் மிகக் குறைவாகவே நுழைவதால் ரிமோனபான்ட்டின் தீமை இல்லாமலேயே ரத்தக்குழாயைக் காக்கக்கூடும் என்பதுதான் அதன் கவர்ச்சி. சுண்டெலிகளில் அப்படியே நடந்தது. மனிதரில் சோதிக்காத ஒன்றை மருந்தாக எண்ணி உண்ண வேண்டாம். சோயா உங்களுக்குப் பிடித்திருந்தால் நல்ல புரத உணவாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: என் தந்தைக்குச் செயற்கை வால்வு பொருத்தியிருக்கிறார்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். மூட்டுவலிக்காக உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து, கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்னும் பொருள் சேர்ந்த எண்ணெய் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதில் போதை இல்லை, இதயத்துக்கும் நல்லது என்கிறார். கொடுக்கலாமா?
(ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

விடை: கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், உடனே நிறுத்திவிட்டு, ரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை இந்த வாரமே செய்துவிட்டு, அவருடைய இதய மருத்துவரிடம் எண்ணெயின் பாட்டிலையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். கல்லீரலில் வார்ஃபரினைச் சிதைக்கும் நொதியைச் சிபிடி தடுக்கிறது. அதனால் வார்ஃபரின் ரத்தத்தில் தேங்கி, ஐஎன்ஆர் உயர்ந்து, ரத்தக்கசிவு உண்டாகக்கூடும். சிபிடி தொடங்கிய பிறகு வார்ஃபரின் அளவைக் குறைக்க வேண்டிவந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் ரத்த உறைவைத் தடுக்கச் சாப்பிடும் குளோபிடோகிரெலுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும்: அந்த மருந்தைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளில் ஒன்றையும் சிபிடி தடுக்கிறது என்பதால், மருந்தின் பலன் குறைய வாய்ப்பிருக்கிறது.

சிபிடியில் போதை இல்லை என்று உறவினர் சொன்னது சரி. அது சிபி1-ஐயும் சிபி2-ஐயும் டிஎச்சியைப் போல் நேரடியாகத் தூண்டுவதில்லை. ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது சிபிடி மட்டும்தான் என்பதற்கு உறுதி இல்லை. 2017-இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்கப்பட்ட 84 சிபிடி தயாரிப்புகளைச் சோதித்தபோது, லேபிளில் எழுதிய அளவுக்குப் பொருந்தியவை 26 மட்டுமே. 18-இல் டிஎச்சி இருந்தது.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சுக்கு ஓரளவு அடிப்படை உண்டு. ஆரோக்கியமான ஒன்பது இளைஞர்களுக்கு ஒரே வேளை 600 மில்லிகிராம் சிபிடி கொடுத்தபோது மேல் ரத்த அழுத்தம் 6 புள்ளி குறைந்தது என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. இதய உறையில் திரும்பத் திரும்ப அழற்சி வரும் நோயாளிகள் 27 பேருக்குத் தூய்மையாக்கிய சிபிடி மருந்தைக் கொடுத்த முன்னோட்ட ஆய்வில், பத்துக்கு ஏறத்தாழ ஆறாக இருந்த வலி எட்டு வாரத்தில் இரண்டுக்கு இறங்கியது. ஆனால் முதல் ஆய்வு மிகச் சிறியது. இரண்டாவதில் ஒப்பிடுவதற்குப் போலி மருந்துக் குழுவே இல்லை. மேலும் அங்கே சிபிடி வேலை செய்ததாகக் கருதப்படும் வழி இந்த இரண்டு ஏற்பிகளும் அல்ல, செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கும் வேறொரு புரதத் தொகுதி. உங்கள் தந்தையின் மூட்டுவலிக்கு வார்ஃபரினோடு சேர்த்துப் பாதுகாப்பாகக் கொடுக்கக்கூடியவை எவை என்று மருத்துவரிடமே கேளுங்கள். சாதாரண வலி மாத்திரைகளில் பலவும் வார்ஃபரினுடன் சேரக் கூடாதவை என்பதால் கடையில் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: சிபி2-ஐத் தூண்டினால் போதையும் இல்லை, மனச்சோர்வும் இல்லை, அழற்சியும் குறையும் என்றால், இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் ஒரு மாத்திரைகூட வரவில்லை? மருந்து நிறுவனங்களுக்கு லாபம் இல்லையா?
(ஒரு வாசகர், சென்னை)

விடை: லாபம் இல்லாததால் அல்ல. பல நிறுவனங்கள் முயன்றிருக்கின்றன.

எலிகளில் சிபி2-இன் கதை மிக நன்றாக இருக்கிறது. இதயத் தமனியைச் சற்று நேரம் கட்டி மீண்டும் திறந்துவிடும் ஆய்வுகளில், திறக்கும் வேளையில் சிபி2-ஐ மட்டும் தூண்டும் மருந்தைக் கொடுத்தால் இறந்துபோகும் தசையின் பரப்பு குறைகிறது. சிபி2 மரபணு நீக்கப்பட்ட எலிகளில் அதே காயம் மோசமான விளைவைத் தருகிறது. முற்றிய இதயச் செயலிழப்பு உள்ள மனிதர்களின் இதயத் தசையை ஆராய்ந்தபோது, சிபி2 பல மடங்கு பெருகியும் சிபி1 குறைந்தும் இருந்தன. உடல் தன்னைக் காத்துக்கொள்ள முயல்வதாகவே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. மாரடைப்புக்குப் பின் வரும் அழற்சி முழுவதும் கெட்டதல்ல. இறந்த தசையை அகற்றி உறுதியான தழும்பை உருவாக்குவதும் அதே அழற்சிதான். எப்போது தணிக்க வேண்டும், எத்தனை நாள் தணிக்க வேண்டும் என்பது மனிதரில் தெளிவாகவில்லை. எலியின் சிபி2-இல் நன்றாகப் பொருந்தும் மூலக்கூறுகள் சில, மனிதச் சிபி2-இல் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. திசுக்களில் சிபி2 எங்கே இருக்கிறது என்று காட்டப் பயன்படுத்திய எதிர்ப்பொருள்களில் (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் மட்டும் ஒட்ட வேண்டிய மூலக்கூறுகள்) பல நம்பகமற்றவை என்பதும் பின்னர் தெரிந்தது. அதனால் பழைய ஆய்வுகளில் சிலவற்றை மீண்டும் செய்ய வேண்டியிருக்கிறது. மனிதரில் கடைசிக் கட்டம் வரை சென்ற சிபி2 மருந்து லெனபாசம். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா நோயில் அதைச் சோதித்தார்கள். 2020-இல் வந்த முடிவில் அது போலி மாத்திரையைவிட மேலானதாக இல்லை.

உடலின் சொந்தக் கன்னாபினாய்டுகளைச் சிதைக்கும் நொதியைத் தடுத்து அவற்றின் அளவை உயர்த்தலாம் என்பது இன்னொரு வழி. ரத்த அழுத்தம் கூடிய எலிகளில் அது அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் அந்த நொதியைத் தடுப்பதற்காகப் போர்ச்சுகல் நிறுவனம் ஒன்று தயாரித்த மூலக்கூறை 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது, ஒருவர் இறந்தார், மேலும் ஐவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் குறிப்பிட்ட மூலக்கூறு வேறு நொதிகளையும் தாக்கியதே காரணமாக இருக்கலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் சுட்டின. அதே நொதியைத் தடுக்கும் மற்ற மருந்துகளால் அப்படி நேரவில்லை. ஆயினும் நலமாக இருந்த ஒருவர் ஆய்வுக்காக உயிரிழந்த பிறகு இந்தத் துறை முழுவதும் நிதானித்தது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் இந்த இலக்கில் இனி எதை எதிர்பார்க்கலாம்? புற்றுநோய்க்காக டாக்சோரூபிசின் ஏற்றிக்கொண்டதில் என் இதயத்தின் வலிமை குறைந்துவிட்டது. அதற்கும் இந்த ஏற்பிகளுக்கும் தொடர்பு உண்டு என்று படித்ததால் கேட்கிறேன்.
(ஒரு வாசகி, புதுச்சேரி)

விடை: நீங்கள் படித்தது சரி. டாக்சோரூபிசின் கொடுத்த சுண்டெலிகளின் இதயத்தில் ஆனந்தமைடு கூடுவதையும், சிபி1-ஐ அடைத்தால் இதயத்தின் சுருங்கும் திறன் மேம்படுவதையும் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பால் பாக்கரின் குழு 2007-இல் காட்டியது. சிபி1 இல்லாமல் பிறந்த எலிகளும் அந்த மருந்தின் நச்சிலிருந்து பெரிதும் தப்பின. சிபி1 இதய நோய்க்கு உண்மையான இலக்கு என்று நான் நம்புவதற்கு இவை வலுவான காரணங்கள். ஆனால் இதன் அடிப்படையில் உங்களுக்கு இன்று கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் இல்லை.

இப்போதைய முயற்சி முழுவதும் மூளைக்குள் நுழையாத சிபி1 தடுப்பான்களை நோக்கியது. 2016-இல் சிபி1-இன் முப்பரிமாண வடிவம் வெளியானது அதற்கு உதவியது. கனடாவைச் சேர்ந்த இன்வர்சாகோ நிறுவனம் உருவாக்கிய மான்லுனபான்ட் என்னும் மருந்தை 2023-இல் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2024 செப்டம்பரில் வந்த முடிவில், நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் எடுத்தவர்கள் பதினாறு வாரங்களில் 7.1 கிலோ குறைந்தார்கள். போலி மாத்திரை எடுத்தவர்கள் 0.7 கிலோ மட்டுமே குறைந்தார்கள். ஆனால் பதற்றம், எரிச்சல், தூக்கக் கேடு ஆகியவை அளவு கூடக்கூடக் கூடின. மூளைக்குள் சிறிதளவு கசிந்தாலும் அங்குள்ள ஏற்பிகள் அதை உணர்ந்துவிடுகின்றன என்றே இதைக் கொள்ள வேண்டும். மூளைக்குள் நுழைவதற்கே மிகப் பெரிதான எதிர்ப்பொருள் வடிவிலும் ஒரு சிபி1 தடுப்பான் சோதிக்கப்பட்டது. 2025-இல் வந்த முடிவில், கொடுத்த அளவில் தனித்து அது எடை குறைப்பு இலக்கை எட்டவில்லை. இவை எல்லாமே பருமனுக்கான சோதனைகள். சிபி1 தடுப்பான் ஒன்றை மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றை அளவுகோலாக வைத்துச் சோதித்த பெரிய ஆய்வு, 2008-இல் பாதியில் நின்ற அந்த ரிமோனபான்ட் ஆய்வு மட்டுமே.

உங்கள் இதயத்துக்கு இன்று பலன் நிரூபிக்கப்பட்ட மருந்துகள் உள்ளன: பீட்டா பிளாக்கர்கள், ஏசிஇ தடுப்பான்கள் அல்லது சாக்குபிட்ரில்-வால்சார்டன், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள். டாக்சோரூபிசினால் வந்த தளர்ச்சியைச் சீக்கிரம் கண்டுபிடித்து இவற்றைத் தொடங்கினால் இதயம் ஓரளவு மீள்வதைப் பல நோயாளிகளிடம் காண முடிகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, உங்கள் எக்கோ அறிக்கைகளைத் தேதி வாரியாக எடுத்துச் சென்று, இவற்றுள் எவை உங்களுக்குத் தரப்படுகின்றன, எவை தரப்படவில்லை, தராததற்குக் காரணம் என்ன என்று கேளுங்கள்.